கேளுங்கோ, கதைப்பம்: புலுனியோட கதைக்கிற அம்மா

கேள்வி: அம்மாக்கு 67 வயசு. போன வருசம் அப்பா மோசம் போனதில இருந்து விடியக்காலமை குசினி வாசல்ல குந்திக்கொண்டு புலுனிக் குருவியளுக்கு சோறு போட்டு அதுகளோட கதைச்சுக்கொண்டு இருக்கிறா. "எங்கயடா மற்றவனைக் காணேல்ல" எண்டெல்லாம் கேக்கிறா. பக்கத்து வீட்டு ஆக்கள் அவவுக்குத் தட்டிட்டுது எண்டு கதைக்கினம். டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போகவோ?
— ஒரு மகள், புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, முதல்ல பக்கத்து வீட்டு ஆக்களைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கோ. "மற்றவனைக் காணேல்ல" எண்டு அம்மா கேக்கிறா எண்டா அவ எண்ணிப் பாக்கிறா எண்டு அர்த்தம், ஏழு வாற இடத்தில ஆறு நிக்கிறதைக் கண்டுபிடிக்கிற ஆளுக்கு மூளை நல்லாத்தான் வேலை செய்யுது. வீட்டில ஒரு ஆள் குறைஞ்ச பிறகு எண்ணிக்கை பாக்கிற பழக்கம் வாறதும் எனக்கு விளங்குது.

நீங்களும் ஒரு நாள் அவவுக்குப் பக்கத்தில இருந்து வடிவாப் பாருங்கோ. புலுனி தனிய வராது, கூட்டமாத்தான் வரும், நிலத்தில தத்தித் தத்தி சருகைக் கிளறிக்கொண்டு நிக்கேக்க ஒண்டு மட்டும் மேல கொப்பில இருந்து காவல் பாக்கும், பருந்து கிருந்து கண்டா அது கத்த மற்றதெல்லாம் ஒரே ஓட்டமா வேலிப் பத்தைக்குள்ள. ஒரு சோடியின்ர குஞ்சுக்கு மற்றதுகளும் இரை கொண்டு வந்து ஊட்டும். தனிச்சுப் போன மனுசிக்கு இதைவிட நல்ல அயல் கிடைக்குமோ தெரியேல்ல (நீங்கள் எழுதினதைப் பாத்தா மனுச அயலை விட இது பரவாயில்லைப் போல).

உது கிழவியளின்ர பொழுதுபோக்கு எண்டு நினைச்சா, லண்டன் கிங்ஸ் கொலிஜ் ஆக்கள் 2022ல ஒரு ஆய்வு வெளியிட்டவை. 1,292 பேரின்ர போன்ல ஒரு அப்பைப் போட்டு, இப்ப பறவை ஏதும் கண்டனீங்களோ, சத்தம் கேட்டனீங்களோ, மனம் எப்பிடி இருக்கு எண்டு நாளுக்கு மூண்டு தரம் கேட்டுப் பாத்தவை. பறவையைக் கண்ட, கேட்ட நேரத்தில ஆக்களின்ர மனநிலை நல்லா இருந்திருக்கு, அந்த நன்மை எட்டு மணித்தியாலம் வரைக்கும் நிண்டிருக்கு, மனச்சோர்வு எண்டு டொக்டர் சொன்ன ஆக்களிலயும் இதே கதைதான். அதே வருசம் ஜேர்மனியில 295 பேருக்கு வெறும் 6 நிமிசம், சிலருக்குப் பறவைச் சத்தமும் சிலருக்கு வாகனச் சத்தமும் போட்டுப் பாத்தவை. பறவைச் சத்தம் கேட்ட ஆக்களுக்குப் பதட்டமும் வீண் சந்தேகமும் குறைஞ்சது.

பறவை நிம்மதியாக் கத்துதெண்டா கிட்டடியில ஆபத்து ஒண்டும் இல்லை எண்டு மனுச உடம்பு ஆதிகாலத்தில இருந்தே பழகி வச்சிருக்கலாம் எண்டு ஆய்வாளர் சிலர் சொல்லினம். சண்டைக் காலத்தில கிபிர் விமானம் வந்து குண்டு அடிச்சுப்போட்டுப் போன பிறகு பங்கருக்குள்ள இருந்துகொண்டு, வெளியில முதல் காகம் கத்துற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்த எங்களுக்கு இதை ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒண்டு மட்டும் கவனம். அந்த ஜேர்மன் ஆய்வில பறவைச் சத்தத்தால பதட்டம் குறைஞ்சதே தவிர மனச்சோர்வு குறையேல்ல. அம்மா சாப்பிடாம, நித்திரை கொள்ளாம, அழுதுகொண்டே இருந்தா, இல்லாட்டி புலுனி தனக்குக் கட்டளை போடுது எண்டு சொல்ல வெளிக்கிட்டா, யோசிக்காம ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மற்றப்படி சோத்தை அளவாப் போடச் சொல்லுங்கோ, மிச்சம் கிடந்தா எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். சிரட்டையில தண்ணி வச்சா ஒவ்வொரு நாளும் ஊத்திப்போட்டு மாத்தோணும், டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணி காணும்.

கேள்வி: மகன் கேட்டான் எண்டு லவ் பேர்ட்ஸ் ரெண்டு சோடி வாங்கி அவன்ர அறைக்குள்ளயே கூடு வச்சனான். பெடியன் இப்ப நல்ல சந்தோசம், போன் பாக்கிறதும் குறைஞ்சிட்டுது, ஆனா ரெண்டு மாசமா இருமல் நிக்குதில்லை.
— ஒரு அப்பா, கிளிநொச்சி

பதில்: அண்ணை, கூட்டை இண்டைக்கே அறையை விட்டு வெளி விறாந்தைக்கு மாத்துங்கோ, நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ. செட்டைத் தூசும் காய்ஞ்ச எச்சமும் மூச்சோட உள்ள போனா சிலருக்கு நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாது, கிளி இனத்தில இருந்து மனுசருக்குத் தொத்துற காய்ச்சலும் ஒண்டு இருக்கு. டொக்டரிட்டப் போகேக்க "வீட்டில பறவை வளக்கிறம்" எண்டு கட்டாயம் சொல்லுங்கோ, நீங்கள் சொல்லாட்டி அவருக்கு எப்பிடித் தெரியும். கூடு கழுவேக்க முதல்ல தண்ணி தெளிச்சுப்போட்டு மாஸ்க்கோட கழுவோணும், காய்ஞ்சபடி கூட்டக்கூடாது. பாவம் எண்டு திறந்து மட்டும் விட்டிடாதேங்கோ, கூட்டில பிறந்து வளந்ததுகள், வெளியில காகம் ஒரு நாள் விட்டு வைக்காது.

கேள்வி: பறவை பாத்தா மனம் குளிரும் எண்டு போன மாசம் எழுதினனீங்கள். எனக்கு மயிலைக் கண்டாலே பிரசர் ஏறுது!
— ஒரு கமக்காரன், ஒட்டுசுட்டான்

பதில்: ஐயா, நியாயமான கோவம். ஐரோப்பாவில 26 நாட்டில 26,000 பேரை வச்சு 2021ல ஒரு ஆய்வு வந்தது, சுத்துவட்டாரத்தில 14 பறவை இனம் கூட இருந்தா மாசம் 124 யூரோ கூடக் கிடைச்ச மாதிரி ஆக்கள் திருப்தியா இருக்கினமாம். அந்த 26,000 பேரில விதைச்ச கச்சான் முளைக்க முதல் மயில் கிளறித் திண்ட ஆக்கள் எத்தினை பேர் இருந்திருப்பினம் சொல்லுங்கோ? விடியவும் பொழுதுபடேக்கயும்தான் கூடுதலா இறங்கும், அந்த நேரம் ஆள் நடமாட்டம் இருக்கோணும், மினுங்குற ரேப் கட்டினாலும் இடத்தை மாத்தி மாத்திக் கட்டோணும், ஒரே இடத்தில கட்டினா கொஞ்ச நாளில அதில சாஞ்சு கொண்டே தின்னும். நஞ்சு மட்டும் வைக்காதேங்கோ ஐயா. மயிலோட மணிப்புறாவும் போகும், உங்கட வீட்டுக் கோழியும் போகும்.

கேள்வி: பூநாரை பாக்க எங்க போகலாம்?
— ஏ/எல் மாணவி, பரந்தன்

பதில்: பக்கத்திலதான் பிள்ளை, சுண்டிக்குளம். 2015ல தேசியப் பூங்காவா அறிவிச்சது. மாரி முடியிற நேரம் பாத்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு விடியவே போங்கோ. கிட்டப் போய்க் கலைச்சு வீடியோ எடுக்காதேங்கோ.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால ஆந்தை கத்துது. சாவு வருமோ?
— மல்லாவி வாசகர்

பதில்: வரும், எலிக்கு. வயல் இருந்தா வரம்போரம் குறுக்குத்தடி வச்ச கம்பு ரெண்டு நட்டு விடுங்கோ, இரவில வந்து குந்தி இருந்து பிடிக்கும்.