பையன் பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று கேட்ட தங்கைக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருச்சியிலிருந்து ஆகஸ்டில் கனடாவின் டொராண்டோவில் உள்ள ஸ்கார்பரோவுக்கு வந்திருக்கிறீர்கள். எட்டு வயதுப் பையனை மூன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டு மாதமாக அவன் வகுப்பில் பேசுவதில்லை, டிபன் வைத்தது வைத்தபடி திரும்பி வருகிறது. போன வாரம் இடைவேளையில் இரண்டு பையன்கள் அவன் தொப்பியைப் பிடுங்கிச் சேற்றில் போட்டுவிட்டார்கள். பள்ளியில் போய்ச் சொன்னால் பிள்ளைக்குக் கெட்ட பெயர் வருமா என்று பயப்படுகிறீர்கள், வீட்டுக்காரரோ "வந்த இடத்தில் வம்பு எதுக்கு" என்கிறார். கடைசியாக, ஊரில் பி.எட். முடித்து ஆறு வருடம் பாடம் எடுத்த நீங்கள் இங்கே பள்ளி வேலைக்குப் போகலாமா, அது பாதுகாப்பான வேலையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போய்ச் சொல்லுங்கள். திங்கட்கிழமையே சொல்லுங்கள். கெட்ட பெயர் வராது.

நான் 2006ல் திண்டுக்கல்லிலிருந்து வந்தேன். நான்கு வருடம் ஒரு தொடக்கப் பள்ளியில் லஞ்ச்ரூம் சூப்பர்வைசர், அதற்கு அப்புறம் இன்றுவரை சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பில் உதவியாளர். "வந்த இடத்தில் வம்பு எதுக்கு" என்ற வார்த்தையை எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அதை நம்பி மூன்று மாதம் சும்மா இருந்தேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

என் பையன் அப்போது இரண்டாம் வகுப்பு. தினமும் பள்ளி விட்டு வந்ததும் பனிப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவான். குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். தை பிறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நம் ஊர்ப் பள்ளியில் பழகியபடி அவன் எழுந்து நின்று சுண்டு விரலைக் காட்டியிருக்கிறான். டீச்சருக்கு அது புரியவில்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவரும் சிரித்தபடி சுண்டு விரலைக் காட்டியிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. கதவருகே ஒரு அட்டை தொங்கும், அதை எடுத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல் போய்வரலாம். அது அவனுக்குத் தெரியாது. ஒருமுறை சிரித்துவிட்டார்கள் என்று அதன் பிறகு கேட்கவே இல்லை, காலையிலிருந்து மூன்றரை மணிவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதிலிருந்துதான் சில பையன்கள் அவனைப் பார்க்கும்போதெல்லாம் விரலைக் காட்டிச் சீண்டத் தொடங்கினார்கள். அந்த டீச்சர் நல்லவர். நான் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இங்கே பள்ளிக்கு நிறைய கடமைகள் உண்டு. ஆனால் அந்தச் சக்கரம் சுழல ஆரம்பிப்பது யாராவது ஒருவர் வாய் திறந்த பிறகுதான்.

நம் மாகாணமான ஒன்டாரியோவின் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், தைரியம் வரும். பள்ளியில் வேலை செய்யும் யாராக இருந்தாலும், மாணவர் ஒருவர் கடுமையாக நடந்துகொண்டது தெரியவந்தால் பிரின்சிபாலிடம் அறிவித்தே ஆக வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்குப் பிரின்சிபால் சொல்லியே ஆக வேண்டும். இது 2009ல் வந்த சட்டம், 2010 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2012ல் வந்த அக்செப்டிங் ஸ்கூல்ஸ் ஆக்ட், சீண்டல், மிரட்டல் என்றால் என்ன என்பதைச் சட்டத்திலேயே வரையறுத்தது. அடிப்பது மட்டும் இல்லை. ஒதுக்கி வைப்பது, பட்டப்பெயர், போனில் அனுப்பும் கேலி எல்லாம் அதில் அடங்கும். இனம், மதம், மொழி, உடல் குறைபாடு, பாலின அடையாளம் எதைச் சொல்லிச் சீண்டினாலும் அது "பிள்ளைகள் விளையாட்டு" ஆகாது.

சரி, சட்டம் இருந்தால் எல்லாம் தானாக நடந்துவிடுமா? நடக்காது. நான் முதலில் போன் செய்தேன். "பார்க்கிறோம்" என்றார்கள். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. (பள்ளியின் பெயர் வேண்டாம், அந்த நிர்வாகமே இப்போது மாறிவிட்டது.) அப்போது, புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு உதவப் பள்ளிக்கு வாரம் இருமுறை வரும் செட்டில்மென்ட் வொர்க்கர் ஒருவர், நம்ம யாழ்ப்பாணத்து அக்கா, "எழுதிக் குடுங்கோ, பேச்சு காத்தோட போயிடும்" என்றார். நான்கே வரி மின்னஞ்சல்: எந்தத் தேதி, எந்த இடம், என்ன நடந்தது, பிள்ளை என்ன சொன்னான். கடைசியில் "என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரிவியுங்கள்." மறுநாள் காலை வைஸ் பிரின்சிபால் கூப்பிட்டார். நீங்களும் டீச்சருக்கு எழுதுங்கள், பிரின்சிபாலுக்கும் நகல் போடுங்கள். ஆங்கிலம் சரியாக வராதே என்று தயங்க வேண்டாம். நேரில் பேசும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் பள்ளி வாரியம் ஏற்பாடு செய்யும். கேட்டால்தான் செய்யும். அந்த செட்டில்மென்ட் வொர்க்கரையும் ஆபீஸில் விசாரித்துப் பாருங்கள், மத்திய அரசின் பணத்தில் நடக்கும் சேவை, உங்களுக்குச் செலவில்லை.

அந்தப் பையன்களைப் பள்ளியை விட்டு அனுப்புங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் இந்த மாகாணம் அந்த வழியில் போய் அடிபட்டுத் திரும்பிய மாகாணம். 2000ல் வந்த சேஃப் ஸ்கூல்ஸ் ஆக்டை வைத்துக்கொண்டு தப்பு செய்தால் உடனே வெளியே என்று நடத்தினார்கள். அதில் கறுப்பினப் பிள்ளைகளும் உடல், மனக் குறைபாடு உள்ள பிள்ளைகளும்தான் அதிகம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று மனித உரிமை ஆணையம் வரை புகார் போனது. 2007ல் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது படிப்படியாகத் திருத்துவதுதான் முறை: கூப்பிட்டுப் பேசுவது, பெற்றோரை அழைப்பது, இடைவேளையில் கண்காணிப்பது. 2020 செப்டம்பர் முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வழக்கமான தவறுகளுக்கு சஸ்பெண்ட் செய்யவும் முடியாது. எட்டு வயதுப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் அவன் என்ன கற்றுக்கொள்வான்? இதில் நான் முழு மனதோடு சட்டத்தின் பக்கம். என் பையனைச் சீண்டிய ஒருவன் பின்னால் ஆறு வருடம் அவனுக்கு உற்ற நண்பனாக இருந்தான். மற்ற பிள்ளையின் பெயரைப் பள்ளி உங்களிடம் சொல்லாது. உங்கள் பிள்ளையைக் காப்பாற்ற என்ன செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அவன் பேசாமல் இருப்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். புது மொழியில் விழுந்த பிள்ளைகள் பல மாதம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பிறகு ஒருநாள் முழு வாக்கியமாகப் பேசுவார்கள். அவனுக்கு இஎஸ்எல் உதவி (ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கான வகுப்பு) எந்த நாளில், எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். டொராண்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பள்ளி வாரியமே நடத்துகிறது. 23 பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக் கேட்டால் ஒரு மொழிக்கு வகுப்பு நடத்த வேண்டும் என்பது இங்கே விதி. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று 2014ல் ஒன்டாரியோ சட்டமாகவே அறிவித்தது. அந்த மாதம் பள்ளியில் கோலம் போட, கதை சொல்ல நீங்களே முன்வாருங்கள். அம்மா பள்ளிக்குள் வந்து நின்றாலே பிள்ளைக்கு நெஞ்சு நிமிரும்.

இனி கொஞ்சம் கசப்பானதையும் சொல்கிறேன், அக்கா சொல்கிறாளே என்று பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளை எப்போதும் பாதிக்கப்படுகிறவனாக மட்டும் இருக்க மாட்டான். பக்கத்து வீட்டு ஆப்பிரிக்கக் குடும்பத்தைப் பற்றி நாம் சமையலறையில் சொல்லும் வார்த்தை மறுநாள் விளையாட்டு மைதானத்தில் கேட்கும். நான் என் காதால் கேட்டிருக்கிறேன், தமிழ்ப் பிள்ளையின் வாயிலிருந்து. சாதியும் விமானம் ஏறி வந்திருக்கிறது. "உங்க அப்பா ஊர் எது, என்ன ஆளுங்க" என்று பத்து வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேட்கிறது. 2023 மார்ச்சில் டொராண்டோ பள்ளி வாரியம் சாதி ஒடுக்குமுறை பள்ளிகளில் இருப்பதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. அதை முன்மொழிந்தவர் யாழினி ராஜகுலசிங்கம் என்ற தமிழ் உறுப்பினர். அதே வருடம் மாகாண மனித உரிமை ஆணையமும் சாதிப் பாகுபாட்டைப் பற்றித் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. வகுப்பில் இரண்டு அம்மாக்கள் உள்ள பிள்ளை இருக்கும், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழும் பிள்ளை இருக்கும். அவர்களும் பயமில்லாமல் பள்ளிக்கு வர வேண்டும் என்பதற்கும் இதே சட்டம்தான். நமக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டாம் என்று நாம் கேட்க முடியாது.

அடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உங்களை நினைத்துச் சொல்லவில்லை, எல்லோருக்கும் சொல்வது. டீச்சர் பிள்ளையை அடிக்கக் கூடாது என்பதை 2004ல் கனடா உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வீட்டில் பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று டீச்சருக்கோ என்னைப் போன்ற உதவியாளருக்கோ சந்தேகம் வந்தால், நாங்களே குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான சில்ட்ரன்ஸ் எய்டுக்கு போன் செய்தாக வேண்டும். பிரின்சிபாலிடம் தள்ளிவிட முடியாது. அது உங்கள் மேல் உள்ள பகையில் செய்வது இல்லை.

வேலைக்கு வருவோம். டீச்சராக வேண்டுமானால் ஆசிரியர்களுக்கு உரிமம் தரும் அமைப்பான ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸில் பதிவு வேண்டும். ஊரிலிருந்து சான்றிதழ்களைப் பல்கலைக்கழகம் நேராக அனுப்ப வேண்டியிருக்கும், இன்றே ஆரம்பியுங்கள். அதுவரை லஞ்ச்ரூம் வேலைக்கோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கோ விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளோடு வேலை என்பதால் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம்.

பாதுகாப்பா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன். என்னைக் கடித்திருக்கிறார்கள், உதைத்திருக்கிறார்கள். தடிமனான கெவ்லார் கைக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்த நாட்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பேச்சு வராத பிள்ளைக்குப் பல்தான் பேச்சு. கோபம், ஆள் பற்றாக்குறையைச் சரிசெய்யாதவர்கள் மேல்தான். ஆனால் 2010லிருந்து வேலையிட வன்முறையும் தொல்லையும் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் படிவம் நிரப்புங்கள். முதல் இரண்டு வருடம் நான் நிரப்பவில்லை, "சின்னப் பிள்ளைதானே" என்று விட்டுவிட்டேன். படிவம் இல்லாததால் அந்த வகுப்புக்கு இன்னொரு உதவியாளர் கேட்க எங்களிடம் ஆதாரமே இல்லாமல் போனது. நான் எழுதாததால் நஷ்டப்பட்டது அந்தப் பிள்ளையும்தான். ஒரு அப்பா என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு "ஒழுங்காக இங்கிலீஷ் பேசுகிறவர்களை அனுப்புங்கள்" என்று கத்தினார். அன்றைய பிரின்சிபால் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "இவர்தான் உங்கள் மகனின் உதவியாளர்" என்றார். யூனியனும் கூட இருந்தது. அப்படி ஒருவர் பக்கத்தில் நின்றால் எத்தனை வருடமும் வேலை செய்யலாம்.

டிபன் விஷயத்தை மறந்துவிட்டேனே. சாப்பிட இருபது நிமிடம்தான் கிடைக்கும், அதில் சத்தம் வேறு. வேர்க்கடலைச் சட்னி வைக்காதீர்கள், பல பள்ளிகள் கடலையை உள்ளே விடுவதில்லை. 2003ல் பள்ளியில் ஏற்பட்ட ஒவ்வாமையால் உயிரிழந்த 13 வயது சப்ரினா ஷானன் பெயரில் இங்கே சட்டமே இருக்கிறது. நான்கு வருடம் லஞ்ச்ரூமில் நின்றவள் என்ற முறையில் இன்னொன்று. டிபன் அப்படியே திரும்பி வருவதற்கு நான் பார்த்த முதல் காரணம் சாப்பாடு பிடிக்காதது இல்லை. சூடு போகக் கூடாது என்று அம்மா இறுக்கி மூடிய தெர்மாஸை அந்தச் சின்னக் கையால் திறக்க முடியாது. திறந்து கொடுங்கள் என்று கேட்க அவனுக்கு வார்த்தை தெரியாது. இன்று ராத்திரி மூடியை அவனையே திறக்கச் சொல்லிப் பாருங்கள்.