ஸ்டீல்ஸ் வீதிக்கு இந்தப் பக்கம் மூன்று கஞ்சாக் கடை, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஏன்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது: "ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு மாதம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற வழியில் மூன்று கஞ்சாக் கடைகள். மார்க்கம் நகரத்தில் சித்தி வீட்டுப் பக்கம் ஒன்றுகூட இல்லை. நகரசபையிடம் சொல்லி இவற்றை மூடவைக்க முடியாதா?"

முடியாது. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு அலைந்தவன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

2018 அக்டோபர் 17 முதல் கனடா முழுவதும் கஞ்சா சட்டபூர்வமானது. அது மத்திய அரசு செய்தது. கடை வைத்து எப்படி விற்பது என்பது மாகாணத்தின் பொறுப்பு. ஒன்ராறியோ மாகாணம் நகரங்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: உங்கள் எல்லைக்குள் கடை வேண்டுமா, வேண்டாமா? 2019 ஜனவரி 22க்குள் பதில் சொல்லவேண்டும். ரொறன்ரோ வேண்டும் என்றது. மார்க்கம், ரிச்மண்ட் ஹில், மிசிசாகா வேண்டாம் என்றன. வேண்டாம் என்ற நகரம் பிறகு மனம் மாறலாம், மிசிசாகா 2023 ஏப்ரலில் அப்படித்தான் மாறியது. ஆனால் வேண்டும் என்று சொன்ன நகரத்துக்குத் திரும்பிப்போக வழியில்லை. உங்கள் ஸ்காபரோ ரொறன்ரோவுக்குள் இருக்கிறது, ஸ்டீல்ஸ் வீதிதான் ரொறன்ரோவுக்கும் மார்க்கத்துக்கும் எல்லை. நீங்கள் பார்க்கிற வித்தியாசம் முழுக்க அந்த ஒரு பதிலால் வந்தது.

பதில் சொன்ன பிறகு நகரசபையிடம் பெரிதாக அதிகாரம் எதுவும் மிஞ்சவில்லை. உரிமம் கொடுப்பது மாகாணத்தின் மதுபான, சூதாட்ட ஆணையம். கஞ்சாக் கடையை மட்டும் தனியாகப் பிரித்து "இந்தத் தெருவில் கூடாது" என்று நகரசபை விதி போட முடியாது. பாடசாலையிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும் என்று மாகாண விதி இருக்கிறது. ஆனால் அது பாடசாலைக்கு மட்டும்தான். பூங்கா, நூலகம், கோயில், குழந்தைகள் பராமரிப்பு நிலையம் எதுவும் அதில் சேராது. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே இவ்வளவு தூரம் வேண்டும் என்றும் எழுதப்படவில்லை. முதலில் சீட்டுக் குலுக்கி 25 கடைகளுக்குத்தான் இடம் கொடுத்தார்கள். 2020இல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்ததும் ஒரே வரிசையில் இரண்டு மூன்று கடைகள் வந்துவிட்டன. இது மாகாணம் விட்ட பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன்.

குடியிருப்பவர்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது, ஆனால் அது கடை திறக்க முன்னர் மட்டும்தான். யாராவது விண்ணப்பித்தால் அந்தக் கடை வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டுவார்கள். 15 நாட்களுக்குள் அந்த நகரத்தில் வசிக்கிற எவரும் ஆணையத்துக்கு எழுதலாம். எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த பலகாரக் கடை மூடியபோது கண்ணாடியில் அந்தத் தாள் இருந்தது. வாடகை விளம்பரம் என்று நினைத்துப் பத்து நாட்கள் கடந்து போயிருக்கிறேன். பிறகு அவசரமாக, "ஏற்கெனவே இரண்டு கடை இருக்கிறது, இன்னொன்று எதற்கு" என்று எழுதினேன். அது எடுபடவில்லை. எண்ணிக்கை அவர்களுக்கு ஒரு காரணமே இல்லை. பொதுச் சுகாதாரமும் பாதுகாப்பும், இளையவர்களைக் காப்பது, சட்டவிரோத வியாபாரத்தைத் தடுப்பது, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டு எழுதினால்தான் கணக்கில் எடுப்பார்கள். பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடம் அதே வாசல் என்பதை நான் எழுதியிருக்கவேண்டும். எழுதியிருந்தாலும் கடை வந்திருக்கலாம், ஆனாலும் அந்தக் கடிதம் இன்றும் மனதில் உறுத்துகிறது.

சரி, மார்க்கத்துக்கு வீடு மாறினால் தீருமா? கடை இராது, அவ்வளவுதான். மாகாணத்தின் இணையக் கடை அங்கேயும் வீட்டுக்கே அனுப்புகிறது. நானும் முதலில் மார்க்கம் செய்ததுதான் சரி என்று நின்றவன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். உரிமம் உள்ள கடையில் 19 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் உரிமமே போகலாம், அதனால் அடையாள அட்டை கேட்பார்கள். கள்ளமாக விற்பவன் கேட்கமாட்டான். அதனால் உங்கள் வழியில் இருக்கிற கடைகளில் ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதை நகரசபையிடம் முறையிடலாம். உரிமம் இல்லாத கடைகளின் வாசலை ரொறன்ரோ கொங்கிரீட் கட்டிகளால் அடைத்ததும் உண்டு.

பிள்ளைகள் வளர்ந்தால் இதையும் சொல்லி வையுங்கள்: 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெரியவர் ஒருவர் கஞ்சா கொடுத்தால் 14 வருடம் வரை சிறை. விமானத்தில் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் வெளியிலிருந்து கொண்டுவருவதும் குற்றம். பாவித்துவிட்டு வாகனம் ஓட்டிக் குற்றவாளியானால், இன்னும் குடியுரிமை பெறாதவர்களுக்கு நிரந்தர வதிவிடமே பறிபோகலாம்.

இனி எங்காவது பூட்டிய கடைக் கண்ணாடியில் அந்த அறிவித்தல் தாளைக் கண்டால், திகதி தெரிய ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தைப் பற்றி யோசிக்கவேண்டாம், கடிதத்தை இரண்டு பேருமாக எழுதுவோம்.