மெகுமினின் முன்கதையில் சிரிப்பு இல்லையா?

ஜப்பானிய நகைச்சுவை அனிமேயான கோனோசுபாவுக்கு 2023இல் வந்த முன்கதைத் தொடரை உப்புவெளி நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, மூலத்தொடரின் நாயகன் கஸுமா ஏறக்குறைய வராததால் சப்பென்று இருப்பதாக அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்றும், உங்களுக்கு மட்டும் பிடித்திருப்பதை எப்படி விளக்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். மூலத்தொடரில் மந்திரக்காரச் சிறுமி மெகுமின் கிறுக்குத்தனம் செய்ய, கஸுமா சலித்துக்கொள்வான். இங்கோ உடன்படிக்கும் யுன்யுன்னின் வெகுளித்தனத்துக்கு முன்னால் மெகுமினே விவரமானவளாக நிற்க வேண்டியிருப்பதால், கஸுமாவைத் தேடுவதே வீண். யுன்யுன் வலிய வந்து போட்டிக்கு அழைத்து, தோற்று, மதிய உணவைப் பறிகொடுக்கும் காட்சிகளை மறுபடி போடுங்கள்: வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளையான மெகுமினுக்கு அது வயிற்றுப்பாடு, தோழியரற்ற யுன்யுன்னுக்கோ பேச்சுத்துணை. பிற்பகுதி அத்தியாயங்கள் சற்றுத் தொய்வுதான். அதில் நான் உங்கள் நண்பர்கள் பக்கம்.