கேள்வி-பதில்: டோக்கனை விழுங்கிய டோபி கடை

மழை பிடித்துக்கொண்டதிலிருந்து மலேசிய அடுக்குமாடி வீடுகளில் துணி காய்வதில்லை. இந்த வாரக் கடிதங்களில் பாதி, டோக்கன் போட்டுத் துவைக்கும் டோபி கடைகளைப் பற்றித்தான்.

கே: ஆறு வெள்ளி (ரிங்கிட்) மெஷினில் ஆறு டோக்கன் போட்டேன், ஐந்து என்றே காட்டியது. ஏழாவதும் போட்டேன், அசையவில்லை. சுவரில் இருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், பதில்தான் இல்லை. (கிள்ளான்)

ப: ஏழாவதைப் போடுவதற்கு முன் போனை எடுத்திருக்க வேண்டும். மெஷினின் எண்ணும், அந்த "5"ம் தெரிகிற மாதிரி ஒரு படம், கூடவே நேரம். "இந்த நேரத்துக் கேமராப் பதிவைப் பாருங்கள்" என்று எழுதினால் பல முதலாளிகளுக்குச் சட்டென்று விரல் வேலை செய்யும். அப்போதும் அசையாவிட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயமும் இருக்கிறது: மனுவுக்கு 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளிவரை கேட்கலாம். ஆனால் ஏழு வெள்ளிக்காக ஐந்து வெள்ளி கட்டி, ஒரு நாள் சம்பளத்தையும் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கே: பட்டுப் புடவையை டிரையரில் போட்டேன். ஜரிகை சுருண்டுவிட்டது. யாரிடம் நஷ்ட ஈடு கேட்பது? (ஈப்போ)

ப: கண்ணாடி முன்னால் நின்று கேளுங்கள்.

கே: 20 டோக்கன் வாங்கினால் 3 இலவசம் என்கிறார்கள். லாபம்தானே? (செராஸ்)

ப: என் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் 17 டோக்கன். 20 வாங்கி 3 இலவசமாகப் பெற்ற அதே கணக்குத்தான். ஆறு டோக்கனில் ஒரு தடவை போர்வை துவைத்தேன். அடுத்த மாதம் போனால் இரும்புக் கதவு இறங்கியிருந்தது, உள்ளே மெஷின் இருந்த இடத்தில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மளிகைக்கடை அக்கா, "நீங்க நாலாவது ஆளு" என்றார்.

ஒரு வெள்ளிக் காசு 2005 டிசம்பரிலேயே செல்லாமல் போய்விட்டது. நோட்டை நீட்டி டோக்கன் வாங்குவது நமக்குப் பழகிவிட்டது, அதனால் அதையும் காசு என்றே நினைத்துக்கொள்கிறோம். காசு எந்தக் கடையிலும் செல்லும், டோக்கன் அந்த ஒரு கடையில் மட்டுமே செல்லும். மாற்றும் மெஷின் நோட்டை உறிஞ்சும், டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொண்டு நோட்டைக் கக்கும் மெஷினை நான் இதுவரை பார்த்ததில்லை. மூன்று இலவச டோக்கன் என்பது, நீங்கள் கடை முதலாளிக்குக் கொடுத்த கைமாற்றுக்கு அவர் தரும் வட்டி. முன்பின் தெரியாதவருக்குச் சீட்டில்லாமல் கைமாற்றுக் கொடுப்பீர்களா? செயலியில் பணம் ஏற்றும் கடைகளும் இதே ரகம்: துவைக்க ஆறு வெள்ளி, ஆனால் குறைந்தது இருபது ஏற்ற வேண்டும். அன்றைக்குத் துவைக்க எவ்வளவோ, அதை மட்டும் மாற்றுங்கள். கியூஆர் வழியாக நேராகக் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது, கட்டிய கணக்காவது போனில் நிற்கும்.

கே: மகளின் வெள்ளைப் பள்ளிச் சீருடை இரண்டும் கறுப்புக் கிரீஸ் கறையோடு வந்தன. "சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைக் காட்டுகிறார்கள். நான் இரவு வேலைக்காரி, இன்னொரு ஜோடி வாங்க வழியில்லை. (பட்டர்வொர்த்)

ப: அம்மா, அந்தப் பலகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் சேவை தருபவர் தகுந்த கவனத்தோடு தர வேண்டும். அந்த உரிமையை ஒரு பலகை எழுதி மாட்டி இல்லாமலாக்க முடியாது. சீருடையை மறுபடி துவைக்காதீர்கள். கறையையும், மெஷின் கதவு ரப்பரின் உள்மடிப்பையும் படம் எடுங்கள். வெள்ளைத் துண்டுக் காகிதத்தால் அந்த மடிப்பைத் துடைத்துப் பாருங்கள், காகிதம் கறுத்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். சீருடை வாங்கிய ரசீது கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் முதலாளிக்கு எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். முன்னே சொன்ன 5 வெள்ளி இங்கே தண்டமில்லை. மனு எழுதத் துணை வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள்.

கே: 14 கிலோ மெஷினில் எவ்வளவு துணி போடலாம்? (சிரம்பான்)

ப: அந்த எடை காய்ந்த துணிக்கு. போட்ட பிறகு மேலே ஒரு கை தாராளமாக நுழைய வேண்டும். காலால் மிதித்துத் திணிப்பவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். சோப்பு போகாமல் வந்த துணிக்குக் கடையைத் திட்டுவதையும் கேட்டிருக்கிறேன்.

கே: எங்கள் உணவகத்து எண்ணெய்த் துணிகளை இரவில் டோபியில் துவைத்து, டிரையரில் காயவைத்து, சூட்டோடு மூட்டை கட்டி வைக்கிறோம். நாற்றம் போக என்ன செய்வது? (ஜொகூர் பாரு)

ப: நாற்றம் கிடக்கட்டும், முதலில் அந்த மூட்டையைப் பிரியுங்கள். துவைத்தும் தங்கியிருக்கும் சமையல் எண்ணெய், சூட்டோடு கட்டினால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். கொடியில் காயப்போடுங்கள்.

கே: நான் திரும்பி வருவதற்குள் யாரோ என் துணியை எடுத்து மேசையில் போட்டுவிட்டார். இது நியாயமா? (கோலாலம்பூர்)

ப: மெஷின் நின்று எவ்வளவு நேரம் கழித்து வந்தீர்கள்? கடிதத்தில் அதை மட்டும் காணோம்.