கூப்பர் பிளாக்கும் தடித்த தமிழும்: கேட்டவர்களுக்குப் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெயர்ப்பலகை, பேனர் வேலை செய்கிறேன். கூப்பர் பிளாக் மாதிரியான பழைய காலத்துத் தடித்த எழுத்துகளைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள்.

அண்ணே, கூப்பர் பிளாக் என்பது எது?

ஓரமெல்லாம் மழுங்கி, உப்பலாக இருக்குமே, அந்த ஆங்கில எழுத்துருதான். சிகாகோவில் ஓஸ்வால்ட் கூப்பர் வரைந்தது, 1922-இல் வெளிவந்தது. 1970-களில் டி-சட்டைகளில் இஸ்திரி வைத்து ஒட்டிய எழுத்து பெரும்பாலும் இதுவே. ஈஸிஜெட் விமானத்தின் பெயரும் இதில்தான். கூர்முனை இல்லாததால் மை கொஞ்சம் பரவினாலும் உருவம் கெடாது.

'கண்ணம்மா உணவகம்' என்று கடை திறக்கிறேன், தம்பி. சாதாரணத் தமிழ் எழுத்துக்கே சுற்றிலும் கோடு சேர்த்துத் தடிப்பாக்கித் தருகிறோம் என்கிறார்கள். சரியா?

வேண்டாம் அக்கா. தமிழ் எழுத்துக்கு உயிரே சுழியில்தான். சேர்க்கும் கோடு உள்பக்கமும் வளரும். மூன்று சுழி 'ண' அடைத்துக்கொள்ளும், புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். உங்கள் பெயரில் 'ண்ண' அடுத்தடுத்து வருகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் கறுப்புத் திட்டுதான் தெரியும்.

முதலிலேயே தடிப்பாக வரைந்த எழுத்துருவை எடுங்கள். மும்பை எக் டைப் குழுவினரின் பலூ தம்பி இருக்கிறது, இன்னும் உருண்டையாகக் காய்னி இருக்கிறது. இரண்டும் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். நானாக இருந்தால் பலூ தம்பிதான். சுழிக்குள் வெளிச்சம் விட்டு வரைந்திருக்கிறார்கள்.

கூப்பர் பிளாக்கில் தமிழ் கிடையாது. 'ரெஸ்தோரான்' என்ற மலாய் வரிக்கு அதை வையுங்கள், முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கி. அதன் அழகு சிறிய எழுத்துகளில்தான். அப்புறம், பலகைக்கு அனுமதி கேட்கும்போது தேசிய மொழி முதன்மையாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வரியை இப்போதே பெரிதாக வைத்துவிடுங்கள்.

பேனர் கடையில் 'கொண்டாட்டம்' எழுத்து கலைந்து வந்தது. ஏன்?

அவர்கள் வடிவமைக்கும் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான வசதி இயக்கப்படாமல் இருந்திருக்கும். அப்போது கொம்பும் காலும் இடம் மாறும். எழுத்துகளை வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் எந்தக் கடையிலும் கலையாது.

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ் முழுக்க இந்தத் தடித்த எழுத்தில் போடலாமா?

தலைப்பு மட்டும், டீச்சர். நாள், நேரம், இடத்துக்கு முக்த மலர் மாதிரி சாதாரண எழுத்துரு போதும்.

கருமக்கிரியை அழைப்புக்கு?

கூடாது. இது சிரித்த முகமுள்ள எழுத்து.

எங்கள் பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடுகிறோம். டி-சட்டைக்கு எப்படி?

இதற்கென்றே பிறந்த எழுத்து, ஐயா! தோட்டத்தின் பெயரை மட்டும் நெஞ்சகலத்துக்குப் போடுங்கள். எழுத்துகள் நெருக்கமாக இருக்கட்டும். பெயர் இரண்டு வரியானால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள்; மேல்வரியின் உகரக் கீற்றும் கீழ்வரியின் புள்ளியும் மோதிக்கொள்ளும். கரும்பச்சைத் துணியில் வெண்ணெய் நிறம் அருமையாக இருக்கும். 'ஒன்றுகூடல்', ஆண்டு எல்லாம் அடியில் சிறிதாக வரட்டும். தடித்த எழுத்தில் வேண்டாம்.