மோட்டார் விலையை லிட்டரில் எண்ணுங்கள்

கேள்வி: என் படகு 24 அடி ஃபைபர். அதிலுள்ள 15 ஹெச்.பி. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாருக்கு ஒன்பது வயது. நடுக்கடலில் இரண்டு முறை நின்றுவிட்டது. இனி அதை நம்பிப் போக முடியாது. வருஷத்தில் 180 நாள் தொழிலுக்குப் போகிறேன். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் மோட்டார் ஓடும், 20 லிட்டர் பெட்ரோல் ஆகும். அதே 15 ஹெச்.பி.யில் புது டூ-ஸ்ட்ரோக், அதே திறனில் புது ஃபோர்-ஸ்ட்ரோக், இல்லையென்றால் பழைய 25 ஹெச்.பி. டூ-ஸ்ட்ரோக் என்று மூன்று வழி இருக்கிறது. பழையதுதான் மலிவு, மகனுக்கும் அதன்மேல்தான் கண். என் சேமிப்பு புது டூ-ஸ்ட்ரோக்குக்குப் போதும். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் கடன் வாங்க வேண்டும். மீன் எடுக்கும் வியாபாரி வட்டியில்லாமல் தருவதாகச் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருந்த விலைகளையெல்லாம் உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் வகுத்துப் பார்த்தேன். புது டூ-ஸ்ட்ரோக் 2,000 லிட்டர். ஃபோர்-ஸ்ட்ரோக் 3,400 லிட்டர். பழைய 25 ஹெச்.பி. 1,200 லிட்டர். உங்கள் சேமிப்பு 2,400 லிட்டர். பணத்தை ஏன் லிட்டராக மாற்றினேன் என்றால், உங்கள் படகு வருஷத்துக்கு 3,600 லிட்டர் குடிக்கிறது. மோட்டாரை ஒரு முறைதான் வாங்குகிறீர்கள். அதைவிடப் பெரிய தொகையை ஒவ்வொரு வருஷமும் டேங்கில் ஊற்றுகிறீர்கள்.

கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை சிலிண்டருக்குள் நுழையும்போது புகை போகும் வழியும் திறந்தே இருக்கும். எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு அந்த வழியாகவே கடலுக்குப் போய்விடும். படகுக்குப் பின்னால் தண்ணீரில் நிறம் நிறமாக மினுங்குவது உங்கள் காசு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வால்வுகள் இருப்பதால் இந்த ஒழுகல் இல்லை. அதே வேலைக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பெட்ரோல் மிச்சமாகும். நான் எப்போதும் குறைந்த கணக்கையே எடுப்பேன். கால் பங்கு என்றால் வருஷத்துக்கு 900 லிட்டர்.

இதோடு, டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயிலின் கணக்கும் இருக்கிறது. 50 லிட்டருக்கு 1 லிட்டர் என்று கலந்தால் 3,600 லிட்டருக்கு 72 லிட்டர் 2டி ஆயில் வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குப் பொதுவாக 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவார்கள். உங்கள் 720 மணி நேர ஓட்டத்துக்கு ஏழெட்டு முறை, இந்த அளவு மோட்டாரில் முறைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். மிச்சம் 65 லிட்டர் ஆயில். உங்களிடத்தில் ஆயில் பெட்ரோலைவிட மூன்று மடங்கு விலை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக 195 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். இரண்டும் சேர்ந்து 1,095 லிட்டர். இரண்டு புது மோட்டார்களுக்கும் விலை வித்தியாசம் 1,400 லிட்டர்தான். பதினைந்து பதினாறு மாதத்தில் அந்த வித்தியாசம் திரும்பி வந்துவிடும்.

ஆகவே உங்களுக்கு என் பதில் ஃபோர்-ஸ்ட்ரோக். எல்லோருக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். வருஷத்தில் 100 மணி நேரம் மட்டும் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால், அந்த 1,400 லிட்டரை எடுக்க ஒன்பது வருஷம் ஆகும், டூ-ஸ்ட்ரோக்கே போதும் என்றிருப்பேன். ஓடும் மணி நேரம்தான் இதைத் தீர்மானிக்கிறது.

கடனுக்கு வருவதற்கு முன், நீங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஒன்று. ஆட்களுக்குப் பங்கு எப்படிப் பிரிக்கிறீர்கள்? எரிபொருள் செலவை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பதாக இருந்தால், மோட்டாருக்குக் காசு போடுவது நீங்கள், பெட்ரோல் மிச்சத்தில் பங்கு எடுப்பது எல்லோரும். பாதிப் பங்கு உங்களுக்கு என்றால் உங்கள் கைக்கு வருவது 1,095 இல்லை, ஏறத்தாழ 550. பதினைந்து மாதம் இரண்டரை வருஷமாக நீண்டுவிடும். நல்ல மோட்டார் வாங்கி நட்டப்பட்டதாகச் சொல்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கணக்கு தவறியிருக்கும். வாங்குவதற்கு முன்பே ஆட்களோடு உட்கார்ந்து பேசுங்கள். கடன் தீரும் வரை பெட்ரோல் மிச்சத்தை மோட்டார் கணக்கில் தனியாக எடுத்து வைப்போம், தீர்ந்த பிறகு எல்லோரும் பிரித்துக்கொள்வோம் என்று கேட்டால் நியாயமாக இருக்கும். வாங்கிய பிறகு கேட்டால் சண்டையாகிவிடும்.

வியாபாரியின் வட்டியில்லாக் கடனுக்கு வருகிறேன். மீனை அவருக்கே போட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும், இல்லையா? வட்டி அந்த விலையில்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு நாள் மீன்பாடு 100 லிட்டர் பெட்ரோல் விலைக்குப் போகிறது என்று வையுங்கள். வெளியில் கிடைக்கும் விலையைவிட அவர் 5 சதவீதம் குறைத்து எடுத்தால் நாளைக்கு 5 லிட்டர், வருஷத்துக்கு 900 லிட்டர். 1,400 லிட்டர் கடனுக்கு அது 64 சதவீத வட்டி, அசல் அப்படியே நிற்கும். வங்கி வட்டி இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். நான் பார்ப்பது எண்ணை மட்டும்.

வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேளுங்கள். சேமிப்பு 2,400 முழுவதையும் போட்டுவிடாதீர்கள். 400 லிட்டர் மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு 2,000 கட்டுங்கள், 1,400க்குக் கடன். தவணை 24 மாதம். அசல் மட்டும் மாதத்துக்கு 58 லிட்டர் வரும். ஆட்கள் சம்மதித்தால் உங்கள் மிச்சம் சராசரியாக மாதம் 91 லிட்டர், ஆகவே வட்டிக்கும் இடம் இருக்கிறது. ஆனால் கடலுக்குப் போகாத மாதத்தில் மிச்சமும் இல்லை, தவணை மட்டும் வரும். ஓடும் மாதத்தில் எடுத்து வைத்தால்தான் அது தாங்கும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவாதச் சீட்டையும் படியுங்கள். பல தயாரிப்பாளர்கள் தொழிலுக்கு ஓட்டுபவருக்குப் பொழுதுபோக்குக்கு ஓட்டுபவரைவிடக் குறைந்த காலமே தருகிறார்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் குறை இல்லாமல் இல்லை. 15 ஹெச்.பி. டூ-ஸ்ட்ரோக் 36 கிலோ அளவில் இருக்கும், ஃபோர்-ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தொடும். தினமும் மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து மணல் ஏறுகிறவருக்கு அந்த வித்தியாசம் முதுகில் தெரியும். கிடத்தி வைப்பதற்கும் அதற்கென்று ஒரு பக்கம் உண்டு. மாற்றிக் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அழுக்குப் பெட்ரோலை அது பொறுத்துக்கொள்ளாது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைத் தவறாமல் போடுங்கள். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது ஒன்றுதான்: பக்கத்தில் அந்த மோட்டாரைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இல்லாமல் இருப்பது. இம்பெல்லரும் (மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் சக்கரம்) கியர் ஆயில் சீலும் ஒரு நாளில் கைக்கு வராத மோட்டார் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் வேண்டாம். அப்படியானால் நான் தயங்காமல் டூ-ஸ்ட்ரோக்கை எடுக்கச் சொல்வேன். பெயரை மட்டும் நம்பவும் கூடாது. 1909 முதல் அவுட்போர்டு விற்ற எவின்ரூட்டையே 2020 மே மாதம் தாய் நிறுவனம் நிறுத்தியது. உதிரிபாகம் தொடர்ந்து தருவோம் என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் அந்த மோட்டாரை விற்க நினைத்தவருக்கு மறுவிற்பனை விலை முன்போல இருக்குமா?

இனி மகனின் 25 ஹெச்.பி. உங்கள் படகு தண்ணீரைத் தொடும் நீளம் 22 அடி என்று வைத்தால், அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் 6.3 நாட் (மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர்) வரும். வலையும் ஐஸும் ஏற்றிய படகு அதற்கு மேல் போக முயன்றால் தானே எழுப்பும் அலையைத் தானே ஏற வேண்டியிருக்கும். அங்கே கூடுதல் பெட்ரோல் எல்லாம் அலையாகப் போகும், வேகம் கொஞ்சம்தான் கூடும். காலிப் படகில் 25 ஹெச்.பி. பறக்கும், அதைப் பார்த்துத்தான் மகன் மயங்கியிருப்பான். முழு வேகத்தில் அந்த டூ-ஸ்ட்ரோக் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் கேட்கும். முதலில் கரை சேர்பவருக்கு நல்ல விலை கிடைக்கும் என்று அவன் வாதாடினால் அது வெறும் பேச்சு இல்லை, எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்தான். எத்தனை நாள், எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது என்று ஒரு மாதம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பழைய மோட்டார் என்பது இன்னொரு தலைவலி. சிலிண்டர்களின் கம்ப்ரெஷனை (உள்ளே ஏறும் அழுத்தத்தை) அளந்து, ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தாலும் அப்படியே.

எதை வாங்கினாலும், மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரத்தை அளந்துவிட்டுப் போங்கள். குட்டை ஷாஃப்ட் 15 அங்குலம், நீள ஷாஃப்ட் 20 அங்குலம். மாறிப்போனால் புரொப்பல்லர் காற்றைக் கடிக்கும், இல்லையென்றால் தேவைக்கு மேல் ஆழத்தில் இழுபடும். பிறகு ஒரு நாள், முழுச் சுமையோடு, முழு ஆக்சிலேட்டரில் சுற்று எண்ணிக்கையைப் பாருங்கள். தயாரிப்பாளர் 5,000 முதல் 6,000 வரை என்று சொல்லியிருக்க, உங்கள் புது மோட்டார் 4,300இல் திணறினால் பெரும்பாலும் பழுது மோட்டாரில் இல்லை, பிட்ச் (புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். குறைந்த பிட்ச் புரொப்பல்லர் மாட்டுங்கள், மோட்டார் விலையில் சின்னத் துண்டுதான் அதன் விலை.

மகனை இப்போதுள்ள மோட்டாரிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள், கரையை விட்டு ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஒரே தூரம்: ஒரு தடவை முழு வேகம், ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு குறைத்து. இரண்டு தடவையும் டேங்கை ஒரே கோடு வரை நிரப்பி, செலவான லிட்டரையும் ஆன நிமிடத்தையும் எழுதட்டும். வேகம் பத்தில் ஒன்று குறைந்தால் அதே தூரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமாகும் என்பது என் கணிப்பு. அவன் எழுதிய எண் என்ன என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.