புத்தகம் புழங்கும் வீடு: வாசகர் கேள்வி – பதில்

புத்தகங்களோடு வாழும் அன்றாட வாழ்க்கையில் நேர்கின்ற சிரிப்பான சம்பவங்களையும் சின்னச் சின்னச் சிக்கல்களையும் எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்குக் கல்லடியில் வாழும் இளம் எழுத்தாளர் இம்மாதம் பதிலளிக்கிறார்.

கேள்வி: அக்கா, நான் புத்தகமும் கையுமாக இருப்பதைக் கண்டால் வீட்டில் எல்லாருக்கும் நான் சும்மா இருப்பதாகவே தோன்றுகிறது. உடனே ஒரு வேலை சொல்லிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் எப்படி?
– உயர்தர வகுப்பு மாணவி, களுவாஞ்சிகுடி

தங்கச்சி, எங்கள் வீட்டிலும் புத்தகத்தை விரித்த மறுகணமே தேங்காய் துருவும் வேலையும் கடைக்குப் போகும் வேலையும் என்னைத் தேடி வந்துவிடும். அதற்கு நான் கண்ட வழி, புத்தகத்தைக் குசினிக்கே கொண்டுபோய் உரக்க வாசிப்பதுதான். அம்மம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அமர்ந்து ஒரு நாவலை வாசிக்கத் தொடங்கினேன். முதல் அத்தியாயங்களுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதாநாயகி திருமணமாகித் தாய் வீட்டை விட்டுக் கணவனின் ஊருக்குக் குடிபோகிறாள் என்ற இடம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டு, "அவள் ஏன் மனே போறாள்? அவளுக்கு வீடு குடுக்கல்லையா?" என்று கேட்டார். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வதே வழக்கமான எங்கள் பகுதியில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த ஒரு வரி பெரும் அநியாயமாகப் பட்டிருக்கிறது. அன்று மாலை வீட்டுக்கு வந்த உறவினர்களிடமெல்லாம் அந்தப் பெண்ணுக்காக அவர் வழக்குப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவளை எங்களுக்குத் தெரிந்த பிள்ளை என்றே நம்பி, எந்தக் குடி, அதாவது எந்தத் தாய்வழிக் குலம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். இப்போது நான் புத்தகமில்லாமல் குசினிக்குள் வந்தால்தான் கேள்வி எழும்: "மறுகா (பிறகு) என்ன நடந்த?"

உரக்க வாசிப்பது இந்த மண்ணுக்குப் புதியதன்று. வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும் நாட்களில் கண்ணகி வழக்குரையைப் பாடுகிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்த மூத்த பெண்கள் பலருக்கு எந்த இடத்துக்குப் பின் எந்த இடம் வரும் என்பது மனப்பாடம். பள்ளிக்கூடம் போகாதவர்களும் ஒரு காவியத்தை அறிந்திருந்தது அப்படித்தான். ஆகவே வாசிப்பின் பெருமையைப் பற்றி உங்கள் அம்மாவிடம் வாதாட வேண்டாம். அவருடைய கைகள் வேலையாக இருக்கும் நேரம் பார்த்து நல்லதொரு சிறுகதையை வாசித்துக் காட்டுங்கள். உயர்தரப் பாடநூலைக் கொண்டு மட்டும் இந்த முயற்சியைத் தொடங்கிவிடாதீர்கள்.

கேள்வி: இரவல் கொடுத்த புத்தகங்கள் திரும்பி வருவதே இல்லை. நீங்கள் கொடுப்பீர்களா, மறுத்துவிடுவீர்களா?
– வாசகர், மருதமுனை

கொடுப்பேன். மறுபதிப்பு வராத நூல்களை மட்டும் என் வீட்டிலேயே வந்திருந்து வாசிக்கச் சொல்வேன்; அதற்குத் தேநீரும் உண்டு. ஒருமுறை நான் கொடுத்த சிறுகதைத் தொகுப்பொன்று காத்தான்குடிக்குப் போய், அங்கிருந்து ஏறாவூருக்குப் போய், நான் முன்பின் அறியாத ஒருவரின் கையால் திரும்பி வந்தது. அதற்குள் ஒரு பேருந்துச் சீட்டும், மாவும் தேங்காயும் கருவாடும் எழுதிய கடைப் பட்டியல் ஒன்றும் இருந்தன. அவற்றைக் காட்டிலும் பெரிய சொத்து பக்க ஓரங்களில் இருந்தது. ஒரு கதாபாத்திரத்தின் பேச்சுக்கு அருகே யாரோ பென்சிலால் "இவன் பொய் சொல்கிறான்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் "முடிவு வரை பொறுங்கள்" என்றும், அதற்கும் கீழே மூன்றாவது கையெழுத்தில் "தயவுசெய்து முடிவைச் சொல்ல வேண்டாம்" என்றும் இருந்தது. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் என் புத்தகத்துக்குள் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பிரதிக்குப் பதிலாகப் புத்தம் புதிய பிரதி தருவதாக யார் சொன்னாலும் நான் இணங்கமாட்டேன்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலுக்கான ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. எனக்கு மிகவும் பிரியமானது மூன்றாவதுதான். நூலும் தன் வாசகரைத் தேடுகிறது. அவர் நாம் கொடுத்தனுப்பிய ஆளாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது: காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த அதே 1892ஆம் ஆண்டில் பிறந்தவர்தான் ரங்கநாதனும். எங்கள் பகுதி வாசகர்கள் அந்த ஆண்டை இருவருக்காகவும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்களுக்கு உதவக்கூடிய நடைமுறைகளும் உண்டு. ஒரு கொப்பியில் நூலின் பெயரையும் திகதியையும், வாங்குபவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள். பின்னர் அவரைக் காணும்போது "எப்போது தருவீர்கள்?" என்று கேட்காமல், "அந்தக் கிழவர் வரும் இடத்துக்கு வந்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். வாசித்தவர் அந்த இடத்தைப் பற்றிப் பேசுவார்; வாசிக்காதவர் பெரும்பாலும் அடுத்த வாரமே புத்தகத்தைக் கொண்டுவந்து தந்துவிடுவார். கிடைப்பதற்கரிய ஈழத்து நூல்களை இரவல் கொடுக்க மனமில்லையென்றால், 2005 முதல் அத்தகைய நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த நூல் இருக்கிறதா என்று பார்த்து, கேட்பவரை அங்கே அனுப்பலாம்.

கேள்வி: பேருந்தில் வாசிக்க முடிகிறதா?
– வங்கி ஊழியர், ஆரையம்பதி

இருக்கை கிடைத்தால் முடியும். பாட்டுச் சத்தம் பழகிவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினால் நம்முடைய வேகம் நம்முடையதாக இராது. கல்முனைக்குப் போகும்போது ஒரு பக்கத்தைப் புரட்டப் போன என் கையை மறித்து, "கொஞ்சம் பொறுங்க மகள், நான் இன்னும் முடிக்கல்ல" என்றார் அருகிலிருந்த பெரியவர். அதன்பின் அவர் தலையசைத்த பிறகே ஒவ்வொரு பக்கமும் திரும்பியது. அவர் இறங்க வேண்டிய தரிப்பிடம் கதைக்கு முன்னதாகவே வந்துவிட்டதால், மிச்சக் கதையைப் படியில் நின்றபடி கேட்டார். நடத்துநரும் அது முடியும்வரை மணியடிக்கவில்லை. அதே வழியில் பெரியநீலாவணையைக் கடக்கும்போது, ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட கவிஞர் நீலாவணனின் கவிதை ஒன்றையாவது வாசித்துப் பாருங்கள். சன்னலுக்கு வெளியே தெரியும் ஊர் அப்போது வேறாகத் தெரியும்.

கேள்வி: 1978 சூறாவளியில் என் தகப்பனாரின் புத்தகங்கள் முழுவதும் நனைந்து அழிந்தன. இப்போது என்னிடம் இருப்பவற்றையாவது காப்பாற்ற விரும்புகிறேன். மாரி காலத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், மகள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வந்தாறுமூலை

ஐயா, அந்த நவம்பர் 23ஆம் திகதியைப் பற்றிப் பேசும்போது கூரையையும் தென்னைகளையும் எல்லாரும் சொல்வார்கள். புத்தகங்களை நினைத்து எழுதியவர் என் அஞ்சலில் நீங்கள்தான். அதனால் இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை தை வரைக்கும் எங்கள் சுவர்களை ஈரமாகவே வைத்திருக்கும். ஆகவே அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், பின்புறம் காற்றுப் போகும்படி சில அங்குலம் தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு நிலத்திலிருந்து உயர்ந்திருக்க வேண்டும்; 2011 சனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவுகளை மாரி முழுவதும் பூட்டியே வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். மழை விட்ட நாட்களில் திறந்து வைத்து, புத்தகங்களை நெருக்கி அடுக்காமல் விரல் நுழையும்படி விடுங்கள். இராமபாணப் பூச்சிகளுக்குப் பசையிலும் கட்டுத் துணியிலும் உள்ள மாப்பொருள் உணவு என்பதால், பழைய கட்டு நூல்களை மாதம் ஒருமுறையாவது எடுத்துத் தட்டி வைப்பது நல்லது. வேப்பிலை வைப்பதானால் நன்றாக உலர்ந்ததைத் துணியில் முடிந்து வையுங்கள். பச்சை இலை தன் ஈரத்தைத் தாளுக்குக் கொடுத்துவிடும்.

நனைந்துபோன புத்தகத்தைக் கொளுத்தும் வெயிலில் போட வேண்டாம். தாள் நெளிந்து அட்டை வளைந்துவிடும். எழுதாத வெள்ளைத் தாள்களைப் பக்கங்களுக்கிடையே வைத்து, ஈரத்தை உறிஞ்சியதும் மாற்றி, நூலை விசிறி போல விரித்து நிறுத்தி மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். வழவழப்பான தாளில் அச்சிட்ட நூல்களையே முதலில் கவனிக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் பக்கங்கள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்னர் பிரிக்க முடியாது. ஒரே நேரத்தில் பல நூல்கள் நனைந்துவிட்டால், சிலவற்றைப் பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். உறைந்திருக்கும்வரை பூஞ்சணம் வளராது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு கவிதைத் தொகுப்பு சூடை மீனுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தது. மீன் எடுக்கப் போன அம்மா, "கவிதையும் இறுகிப் போய்க் கிடக்கு" என்று சொன்னது எங்கள் வீட்டு வழக்காகவே ஆகிவிட்டது. விறாந்தை முழுவதும் புத்தகங்களை விரித்து வைத்திருந்த அந்த நாட்களில் அயலட்டைப் பிள்ளைகள் வந்து நின்று பார்ப்பார்கள். உலர்த்தப் போட்டதை வாசிக்கலாமா என்று ஒரு சிறுமி கேட்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றுப் படவிடுவது அவசியமான வேலைதானே! அவளுக்கே அந்தப் பொறுப்பைக் கொடுத்தோம்.

கேள்வி: உங்கள் கதைகளில் வருபவர்கள் தாங்கள்தான் என்று ஊரில் யாரும் சண்டைக்கு வருவதில்லையா?
– வாசகி, திருக்கோவில்

சண்டைக்கு வருவதில்லை, திருத்தத்துக்கு வருகிறார்கள். கோழி வளர்க்கும் பெண்ணொருத்தியைப் பற்றி எழுதியிருந்தேன். பக்கத்து ஒழுங்கையில் வசிக்கும் மாமி ஒருவர் அது தன்னைப் பற்றித்தான் என்று முடிவு செய்து, கதையில் அவளுக்குக் கொடுத்த சேலையின் நிறம் தனக்குப் பொருந்தாது, அடுத்த பதிப்பில் மாற்ற வேண்டும் என்று கேட்டார். அவர் கோழி வளர்ப்பவர் அல்லர். இன்னொருவர் "இதை எழுதிப்போடாதே" என்ற முன்னுரையோடு ஒரு கதை சொல்வார். இரண்டு இதழ்கள் கழிந்த பின், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பார்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த ஒடுங்கிய நிலத்தில் ஊர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. யாரை எழுதினாலும் அவரைத் தெரிந்தவர் ஒருவர் வாசிப்பார். அதனால் ஒருவரின் பேச்சையும் இன்னொருவரின் தொழிலையும் வேறொருவரின் வீட்டையும் சேர்த்தே ஓர் ஆளை உருவாக்குகிறேன். நம்பிக்கையோடு சொல்லப்பட்ட துயரத்தைத் தொடுவதில்லை. இந்த எல்லையை இளம் எழுத்தாளர்கள் எல்லாரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: வாணி விழாவுக்குப் புத்தகங்களைப் பூசையில் வைத்த பின் வாசிக்கலாமா?
– மாணவன், செங்கலடி

தம்பி, எங்கள் வீட்டுத் தீர்ப்பு அம்மம்மாவினுடையது: கும்பத்தடியில் வைத்தது கலைமகளுக்கு, வைக்காதது பிள்ளைக்கு. நான் அகராதியை வைத்துவிட்டு நாவலை வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் முதல் கவிதைத் தொகுப்பு விரைவில் வெளிவருகிறது. வெளியீட்டு விழாவை எப்படி நடத்துவது?
– இளம் கவிஞர், அக்கரைப்பற்று

மனமார்ந்த வாழ்த்துகள். அச்சுக்குக் கொடுக்குமுன் கொழும்பிலுள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துச் சர்வதேச நியம நூல் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த எண்ணில் 978க்குப் பின் வரும் 955 அல்லது 624 இலங்கைக்குரியது; உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதைக் காணும்போது வரும் மகிழ்ச்சி சிறியதன்று.

எங்கள் விழாக்களில் முதற்பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுபவர்கள், நயவுரை, ஏற்புரை என்று ஓர் ஒழுங்கு உண்டு. வருபவர்கள் கடித உறையில் பணத்தை வைத்துக் கொடுத்து நூலைப் பெற்றுச் செல்வார்கள். இந்த வழக்கத்தைக் குறை கூறுபவர்கள் இருக்கிறார்கள்; நான் அதை மதிக்கிறேன். சொந்தப் பணத்தில் சில நூறு பிரதிகள் அச்சிடும் எழுத்தாளரின் அச்சகக் கடனைத் தீர்ப்பது பெரும்பாலும் அந்த உறைகளே. உள்ளே இருக்கும் தொகையை விட, கூலி வேலை முடித்து வந்தவரும் ஓர் உறையோடு வருவதுதான் பெரிது. ஆனால் உரைகளைக் குறைத்து, கவிதைகளைக் கூட்டுங்கள். நான் போயிருந்த ஒரு விழாவில் நயவுரை மிகவும் நீண்டுவிட்டது. கடைசி வரிசையில் தாயோடு வந்திருந்த சிறுவன் நூலைத் திறந்து தானாகவே வாசிக்கத் தொடங்கி, மண்டபம் அமைதியாக இருந்த வேளையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பேச்சாளர் உரையை நிறுத்தி, எந்தப் பக்கம் என்று அவனிடம் கேட்டு, அந்தப் பக்கத்தைத் தானே உரக்க வாசித்தார். அதன் பிறகுதான் மண்டபத்தில் இருந்தவர்கள் தங்கள் கைகளில் இருந்த பிரதிகளைத் திறந்தார்கள்.

விழா முடிந்த மறுநாளே உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்கும் நீங்கள் படித்த பாடசாலைக்கும் ஒவ்வொரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். தள்ளிப்போட்டால் பிரதிகள் உறவினர் வீடுகளிலேயே தீர்ந்துவிடும்.